கோல்கீப்பர் கயலைத் தீபாவளி ஹாலுக்கு விற்றது

அனுப்புநர்:
ஷைனா கிருபைராஜ்,
பயிற்சியாளர் (சம்பளம் கிடையாது),
பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அணி,
ரவுண்ட் ராக் தமிழ்க் கால்பந்துக் கழகம்.

பெறுநர்:
திரு. சேனாபதி அவர்கள்,
செயலாளர்,
நடு டெக்சாஸ் தமிழ்க் கால்பந்து லீக்.

பொருள்: பதினோரு வயதுச் சிறுமியின் விற்பனையை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் கழகம் தன் கோல்கீப்பரை ஒரு பள்ளி ஆடிட்டோரியத்துக்கு விற்றுவிட்டது.

1. தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமைக்கு ஹால் கிடைக்காமல் எங்கள் தலைவர் திரு. கிட்டுசாமி திண்டாடியது தாங்கள் அறிந்ததே. அந்த நாளுக்குப் பள்ளி ஆடிட்டோரியத்தை முன்பதிவு செய்து வைத்திருந்தது சீடர் பார்க் கழகம். அவர்கள் ஹாலைக் கொடுத்தார்கள். நாங்கள் கயலைக் கொடுத்தோம். தலைவரிடம் நியாயம் கேட்டேன். "ஹால் சும்மா கெடைக்குமா கண்ணு? ஐரோப்பால பெரிய பெரிய கிளப்பெல்லாம் புள்ளைகள வளர்த்து வித்துத்தான் பொழைக்குது. நாமளும் ப்ரொஃபஷனலா இருக்கோணுமில்ல?" என்றார். அங்கே விற்கப்படுகிறவரிடம் ஒரு வார்த்தையாவது கேட்பார்கள். கயலுக்கு விஷயம் தெரிந்தது வாட்ஸ்அப் குழுவில். அதுவும் அம்மாவின் போனில்.

2. பந்து வரும்போது கண்ணை மூடக் கூடாது என்பதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. இப்போது மூடுவதில்லை. அவள் இடத்தில் நிற்பவன் தலைவரின் மகன் அகிலன். மரியாதை தெரிந்த பையன். பந்து வந்தால் வழிவிடுகிறான்.

3. வாங்கியவர்களாவது ஆடவிட்டிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். கயலைத் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல் வைத்திருக்கிறார்கள். விசாரித்தேன். அவர்களுக்கு வேண்டியது கயலே இல்லை. அவள் அப்பா சபரிநாதன். இருநூறு பேருக்குத் தனியாளாக மட்டன் பிரியாணி போடுகிறவர். லீக் விதிப்படி பிள்ளை கழகம் மாறினால் குடும்பமும் மாற வேண்டும். அண்டாவும் கூடவே போய்விட்டது.

இதன் விளைவு: எங்களிடம் ஹால் இருக்கிறது, சோறு இல்லை. அவர்களிடம் சோறு இருக்கிறது, ஹால் இல்லை. புளியோதரை செய்யும் குடும்பம் ஒன்றைப் பிடிக்க, எங்கள் லெஃப்ட் விங் ஆட்டக்காரன் கிறிஸ்டோவை விற்கத் தலைவர் பேசிக்கொண்டிருக்கிறார்.

4. சபரிநாதன் ஏன் மறுக்கவில்லை என்று தாங்கள் கேட்கலாம். சீடர் பார்க் கழகத் தலைவர்தான் ஆபீசில் அவருக்கு மேனேஜர். கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர் எந்த வாயால் மறுப்பார்? அப்பாவைக் கன்சல்டன்சிக்காரர்கள் கம்பெனி கம்பெனியாகக் கைமாற்றினார்கள். மகளை நாம் மைதானம் மைதானமாகக் கைமாற்றுகிறோம். பேனரில் மட்டும் 'இளம் திறமைகளை வளர்ப்போம்' என்று போட்டுக்கொள்கிறோம்.

5. சென்ற வாரம் கயல் என்னிடம், "கோச், நான் என்ன கூப்பனா? ஆம் ஐ லைக் எ கூப்பன்?" என்று கேட்டாள். நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

வரும் சனிக்கிழமை அரையிறுதி. இரு கழகங்களும் எதிரெதிரே ஆடுகின்றன. அதற்குள் இந்த விற்பனையை ரத்து செய்து, எந்த கோலில் நிற்பது என்பதைக் கயலே முடிவு செய்ய உத்தரவிட வேண்டும். இதே கோரிக்கையோடு நான் முன்பு அனுப்பிய இரண்டு மனுக்களுக்கும் தாங்கள் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினீர்கள். அந்தக் கட்டைவிரல் யாருக்கு, ஐயா? கயலுக்கா, கிட்டுசாமிக்கா, பிரியாணிக்கா? எழுத்தில் பதில் தேவை.

இப்படிக்கு,
சமைக்கத் தெரியாததால் இன்னும் விற்கப்படாத,
(ஒப்பம்) ஷைனா கிருபைராஜ்

இடம்: ரவுண்ட் ராக், டெக்சாஸ்
நாள்: அக்டோபர் 5, 2026