லண்டன் பேப்பர் வாசகருக்கு நம்மூர் பனியன்

அன்புள்ள சத்யப்பிரியாவுக்கு,

முருகன் புண்ணியத்தில் நான் சௌக்கியம். என் தொந்தி என்னைவிடச் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா?

போனில் முழுக்கதையும் கேட்கமாட்டாய் என்றுதான் எழுதுகிறேன். நூறு வருசத்துக்கு மேலாக வரும் லண்டன் பேப்பர் ஒன்று வாசகர்களுக்குப் பனியன் தருகிறதே, அந்த ஆர்டரைப் பிடிக்கத்தானே கம்பெனி என்னை அனுப்பியது? "எங்க வாசகரெல்லாம் இப்ப போனில் படிக்கிற இளவட்டம்" என்றார்கள். நம்பி, உடம்பை ஒட்டுகிற சாம்பிளாகவே கொண்டுவந்தேன். போட்டுப் பார்க்க வாசகர்களைப் பேப்பர் ஆபீசுக்குக் கூப்பிட்டால் இளவட்டம் ஒன்றும் வரவில்லை, வந்ததெல்லாம் தொந்தித் தாத்தாக்கள்! ஒருவருக்குப் பனியன் பாதியில் மாட்டி, இரண்டு கையும் மேலேயே நின்றுவிட்டது. ஆர்டர் போச்சு என்று நினைத்தபடி குழந்தைக்குக் கழற்றுவதுபோல் உருவினேன்.

"ஏனுங்க, என் வயித்துக்கு அளவெடுத்தா உங்களுக்கும் சரியா வருமுங்க" என்று என் இங்கிலீஷில் சொன்னேன். தாத்தா சிரித்தார், ஆபீஸே சிரித்தது. ஆர்டர் நமக்குத்தான், எல்லாம் பெரிய சைஸ்.

சரக்கு வந்து சேரும்வரை இங்கேயே இருக்கணுமாம். கம்பெனியிலிருந்து இங்கே வருகிற ஆளிடம் கொள்ளுப்பொடி கொடுத்துவிடு. நம்மூர் பேப்பரும், பழசானாலும் பரவாயில்லை.

இப்போது நானும் தினமும் அந்த லண்டன் பேப்பர் வாங்குகிறேன். எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். ஆனால் அதை வாங்கும்போதுதான் கடைக்காரம்மா என்னிடம் இரண்டு வார்த்தை பேசுகிறாள்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. வாசகர் பனியனில் எனக்கும் ஒன்று எடுத்து வைக்கக் கம்பெனியில் சொல்.

உன்
மோகன்ராஜ்