திரும்பி வந்தவர்

1951, ஆடி அமாவாசை.

காலையில் ராயபுரம் கடலில் இறங்கி, வழக்கம்போலக் கொள்ளுத்தாத்தா முருகேசனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டேன். மொரீசுத் தீவின் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். பன்னிரண்டு வருடம் தகவலே இல்லை. முறைப்படி தர்ப்பைப்புல்லில் உருவம் செய்து எரித்துக் காரியம் முடித்துவிட்டார்கள். கொள்ளுப்பாட்டி தாலி அறுத்தாள். எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட கதை இவ்வளவுதான்.

அவர் எங்கே செத்தார் என்று அறியத்தான் ஆறு மாதமாக அரசாங்க ஆவணக் காப்பகத்தில் பழைய கப்பல் பதிவேடுகளைப் புரட்டுகிறேன். இன்று மத்தியானம் பெயர் அகப்பட்டது, திரும்பி வந்தவர்கள் பட்டியலில். தகப்பன் பெயர், ஊர், இடது புருவத்துத் தழும்பு எல்லாம் சரியாக இருந்தன. கப்பலேறிப் பதினாலு வருடம் கழித்து உயிரோடு இங்கே இறங்கியிருக்கிறார்.

ஏடுகளை எடுத்துக் கொடுக்கும் காசிம் பாய் சிரித்தார். "ஆளு சோக்கா திரும்பி வந்துகீறாரு! நீ இன்னாத்துக்கு நைனா மூஞ்சியத் தொங்கப்போட்டுகினு கீற?"

ஏட்டை மூடிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். காரியம் முடிந்தவனை மறுபடி வீட்டில் சேர்க்கக் கூடாது என்பார்கள். அவர் விட்டுப்போன இந்த வீடு கடற்கரையிலிருந்து நடை தூரம். வராமலா இருந்திருப்பார்? இதே கதவைத் தட்டியிருப்பார். உள்ளே இருந்தவர்களுக்குக் குரல் தெரிந்திருக்கும்.

இதைச் சொல்ல எனக்கு யாருமில்லை. மனைவி போய் மூன்று வருடமாகிறது.

வாசலில் நின்றவரைப் போ போ என்றுதான் வருடா வருடம் தண்ணீர் விட்டு அனுப்பியிருக்கிறோம். நானும்தான், இன்று காலை.

தெருக்கதவைத் தாழ் போட எழுந்து போனேன். போடாமல் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.