படுத்த படுக்கையாக இருக்கும் அம்மா எழுதுவது

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள சுண்டெலிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். அதிலும் நான் ரொம்ப ரொம்ப நலம். காலையில் எழுந்து இரண்டு வாளித் துணி துவைத்து, மாடிப்படி நாற்பத்திரண்டும் ஏறிப் போய்க் காயப்போட்டுவிட்டு வந்து, மூச்சுகூட வாங்காமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் நலத்தை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்பது இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும். நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும் எழுதுவேன், இன்றைக்கும் அப்படியே வைத்துக்கொள், ஆனால் இதைப் படித்து முடிக்கிறவரைக்கும் நீ நிம்மதியாக இருக்கக் கூடாது என்பதும் என் ஆசைதான். போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீ இரண்டு முறை மூக்கை உறிஞ்சுவாய், நான் உருகிப்போய் "சரி விடு, சாப்பிட்டியா" என்று கேட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம். வியாழக்கிழமையிலிருந்து நீ பன்னிரண்டு முறை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை, இது உன் கைக்கு வந்து சேருகிறவரை எடுக்கவும் மாட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை எங்கள் கண்ணாடிக் கடைக்கு விடுமுறை, நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தேன், தபால்காரர் ஜன்னல் வழியாக உன் பெயருக்கு ஒரு கடிதம் நீட்டினார். வீட்டுக்கு வருவதைப் பிரித்துப் பார்த்துச் சொல்லு என்று நீதான் சொல்லியிருக்கிறாய், பிரித்தேன். நீ விண்ணப்பம் போட்ட பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியை அம்மாள் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆராய்ச்சிப் படிப்புக்குக் கொடுத்த இடம் வேண்டாம் என்று நீ எழுதியது கிடைத்ததாம். உன் தாயார் படுத்த படுக்கையாக இருப்பதும், அவரைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாததும் அறிந்து மிகவும் வருந்தினாராம். நான் ஸ்டூலிலிருந்து இறங்கவேயில்லை, அங்கேயே நின்று மூன்று முறை படித்தேன். அம்மா குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பெற்ற மகள் அவளைப் படுக்கையில் தள்ளியிருக்கிறாள். சரி, என்னைத்தான் படுக்க வைத்தாய், பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை என்றாயே, உன் அப்பாவை என்ன செய்தாய்? அவரைக் கொன்றே போட்டுவிட்டாயா?

இதுவே பெரிது என்றால் இதற்கு முன்னால் ஒன்று இருக்கிறதே. போன மாதம் நீ போனில் என்ன சொன்னாய்? "இடம் கிடைக்கலம்மா, வேற யாரையோ எடுத்துட்டாங்க" என்றாய். நான் நம்பினேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று உனக்கு ஆறுதல் சொன்னேன், நீயும் அதைக் கேட்டுக்கொண்டு ம் ம் என்றாய். அதற்கப்புறம் ஒரு மாதம் அந்தப் பல்கலைக்கழகத்தை நான் திட்டாத திட்டு இல்லை. கடை முதலாளியிடம் திட்டினேன், சித்தியிடம் திட்டினேன், கண்ணாடி வாங்க வந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம்கூடத் திட்டினேன். என் மகளை வேண்டாம் என்கிறவர்களுக்குத்தான் முதலில் கண்ணாடி போட வேண்டும் என்று சொல்லி அவரையும் ஆமாம் போட வைத்தேன். அப்படிப் பாட்டு வாங்கிய அந்த அம்மாள் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? தானும் தன் தாயாரை நான்கு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவராம். ஒரே பக்கமாகப் படுக்கவிட்டால் முதுகு புண்ணாகிவிடும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போடு என்று எழுதியிருக்கிறார். முன்பின் பார்க்காத என்னைப் புரட்டிப் போடச் சொல்லி! அந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கண்ணீர் வந்தது, கோபத்தில் வந்ததா வெட்கத்தில் வந்ததா என்று இப்போதும் தெரியவில்லை. முப்பதாம் தேதிவரை உன் இடத்தை யாருக்கும் கொடுக்கப் போவதில்லையாம். உனக்கு அடுத்ததாகப் பட்டியலில் ஒருவர் இருக்கிறாராம், அவரையும் பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறாராம். அந்தப் பிள்ளை யார் பெற்ற பிள்ளையோ, தினமும் தபாலை எதிர்பார்த்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருக்கும். அதையும் நிறுத்தி வைத்திருப்பது என் படுக்கைதான்.

நாலு மணிக்கு உன் அப்பா பள்ளிப் பேருந்தை விட்டுவிட்டு வந்தார், டீயைக் கொடுத்துக் கடிதத்தையும் கொடுத்தேன். இடம் வேண்டாம் என்று நீ எழுதியதாக இருக்கிறதே, அந்த வரியைப் படித்தபோது அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. படுத்த படுக்கை வந்த இடத்தில்தான் "ஐயையோ, இப்படியா எழுதி வச்சிருக்கா" என்றார். இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? டம்ளரைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டுக் கேட்டேன், எல்லாம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே நீ அவரிடம் பேசினாயாம், தண்ணீரைப் பரிசோதிக்கிற ஒரு வேலைக்குத்தான் போகப் போகிறேன், இன்னும் ஐந்து வருடம் படிக்கத் தெம்பில்லை, அம்மாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது என்றாயாம். "நான் பக்குவமா சொல்லிக்கிறேன்" என்று இவர் வாக்குக் கொடுத்தாராம். இரண்டு மாதமாகப் பக்குவம் வரவில்லை. அறுபது பிள்ளைகளைத் தினமும் ஏற்றி இறக்குகிற மனுஷன், ஒரு செய்தியைக் கூடத்திலிருந்து சமையலறைக்குக் கொண்டுவந்து சேர்க்க முடியவில்லை. நேற்றுக் காலை டீயைப் படுக்கைக்கே கொண்டுவந்து "நோயாளிங்க எழுந்திருக்கக் கூடாது" என்று சிரித்தார், நான் சிரிக்கவில்லை. இங்கே சிரிப்பதற்கு இப்போது யாருக்கும் அனுமதி இல்லை. சித்தி ஸ்கூட்டர் பழகுகிறேன் என்று போய் எங்கள் கேட்டை இடித்துச் சாய்த்தாள், அதற்குக்கூட நான் சிரிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள். அவளுக்கு அடி ஒன்றும் இல்லை, கேட்டுக்குத்தான்.

வேலைக்குப் போகிறேன் என்று சொல்வதில் என்னடி குற்றம்? திருடப் போகிறேன் என்றா சொன்னாய்? உன் அம்மா அவ்வளவு பெரிய பூதமா? இதைத்தான் இரண்டு நாளாகக் கண்ணாடி தேய்த்துக்கொண்டே யோசிக்கிறேன். பதினெட்டு வருடமாக அந்தக் கடையின் பின்னறையில் இருக்கிறேன், முன்னறையில் கண் பரிசோதகர் எழுதித் தருகிற பவருக்குக் கண்ணாடியைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைக்கிறேன், இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான், பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்து பொய் சொல்கிறவர்கள். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, பக்கத்திலிருக்கிறவருக்காக, பரிசோதகர் மனசு நோகாமல் இருப்பதற்காக, எல்லாம் தெளிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நாலாம் நாள் தலைவலி என்று அதே கண்ணாடி திரும்பி வரும், பழி தேய்த்தவள் தலையில். இந்தக் கூட்டத்திலேயே பெரிய ஆள் யார் என்பது உனக்கே தெரியும்.

மூன்றாம் வகுப்பில் பலகையைப் பார்த்துத் தப்புத் தப்பாக எழுதுகிறாய் என்று டீச்சர் சொல்லி அனுப்பியபோது உன்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தோம். கடைசி வரிவரைக்கும் கடகடவென்று சொன்னாய். நான் பின்னறையிலிருந்து ஓடி வந்து என் பெண்ணுக்குக் கழுகுக் கண்ணு என்று கடை முழுக்கச் சொன்னேன். தினமும் பள்ளி விட்டு வந்து அந்த எழுத்து அட்டைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தே அதை மனப்பாடம் செய்துவிட்டாய் என்று எவருக்கும் தோன்றவில்லை. கண்ணாடிக் கடைக்காரி மகள் ஒரு வருடம் முழுக்க மங்கலாகவே பள்ளிக்கூடம் போய்வந்தாள். அப்புறம் முதலாளி பழைய அட்டையைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டிய அன்றைக்கு, சும்மா விளையாட்டாக உன்னைப் படிக்கச் சொன்னபோது, நீ புது அட்டையைப் பார்த்துக்கொண்டு பழைய அட்டையை ஒப்பித்தாய். கடையே சிரித்தது. நான் உன் தோளைப் பிடித்து உலுக்கி ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "நீதானேம்மா என் பொண்ணுக்கு எல்லாம் நல்லா தெரியும்னு சொன்னே" என்றாய். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, எதிர் மருந்துக் கடைக் கடிகாரத்தில் மூன்றாவதாக ஒரு முள் ஓடுகிறதே என்று கேட்டாய். அந்த முள் நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே ஓடுகிறது.

இந்தக் கதையைப் பதிமூன்று வருடமாக எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் பரிசோதகரிடம் உன்னைப் பற்றிப் புலம்பியபோது அவர் லென்ஸ் பெட்டியைத் துடைத்துக்கொண்டே ஒன்று சொன்னார். "அன்னைக்கு நான் கேட்கறதுக்கு முன்னாடியே நீங்க சொல்லிட்டீங்களே, என் பொண்ணுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கும், சும்மா பாருங்கன்னு. குழந்தை என்ன செய்யும்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கடையில் அது பெரிய தப்பு. தெளிவாக இருக்கிறதா என்று யாரையும் கேட்கக் கூடாது, கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, இது ஒன்று, இது இரண்டு, எது தெளிவு, அவ்வளவுதான் கேட்க வேண்டும், இரண்டையும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். உன் படிப்பு விஷயத்தில் நான் அப்படிக் கேட்டேனா? மேலே படிக்கிறாய்தானே, படிப்பைப் பாதியில் விடுகிற பெண்ணா நீ என்று கேள்வியிலேயே பதிலை வைத்துக் கொடுத்தேன். எனக்குப் படிப்பைப் பத்தாவதோடு நிறுத்தினார்கள், அந்த ஆத்திரத்தை உன் மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். இதை நான் ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்வதால் உன் மேல் கோபம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. எட்டு வயதில் பொய் சொன்னாய், சின்னப் பிள்ளை. இருபத்திரண்டு வயதில் சொன்னால் அதற்கு வேறு பெயர். பயம் உன்னுடையது, அதற்கு என் முதுகை ஏன் புண்ணாக்கினாய்?

உன் அப்பா சொல்கிறார், பாட்டிலைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சோதிக்கிற வேலை என்று சொல்லும்போது உன் குரலே வேறு மாதிரி இருந்ததாம். இருக்கலாம். ஆனால் நீ சீக்கிரம் ஒரு வேலையில் உட்கார வேண்டும் என்று அவருக்கும் ஆசை உண்டு, அவர் காது அந்தப் பக்கமாகச் சாய்ந்த காது. அவருக்குப் பிடித்ததை அவரிடமும், நான் திட்டாமல் இருப்பதற்கு ஒன்றை என்னிடமும், பரிதாபப்படுகிற மாதிரி ஒன்றைப் பேராசிரியையிடமும் சொல்லியிருக்கிறாய். மூன்று பேருக்கும் மூன்று அட்டை ஒப்பித்தாகிவிட்டது, உனக்கு நீ என்ன சொல்லிக்கொண்டாய் என்பது எனக்குத் தெரியாது.

உண்மையைச் சொல்லி அந்த அம்மாளுக்கு நானே எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், இரண்டு வரி எழுதியும் விட்டேன். பிறகு கிழித்துப் போட்டேன். அது நீ எழுத வேண்டிய கடிதம். அம்மா நன்றாக இருக்கிறாள், நான் எழுதியது பொய் என்று முதல் வரியிலேயே எழுது. சேருகிறேன் என்றாலும் எழுது, சேரவில்லை என்றாலும் எழுது, பொய்க்காக இடத்தையே பிடுங்கிக்கொண்டாலும் வாங்கிக்கொள். உன் கடிதம் முப்பதாம் தேதிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், அங்கே ஒரு பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும். அவருடைய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், புரட்டிப் போடுகிற பகுதியை இரண்டு முறை படி. உன் கண்ணாடியின் வலது காது ஆடுகிறது என்றாயே, திருகாணி இரண்டு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன், உறையைக் கவிழ்க்காமல் பிரி, கண்ட பசையைப் போட்டு ஒட்டாதே. வேளைக்குச் சாப்பிடு. திட்டினாலும் நான்தான் திட்டுகிறேன், வேறு யாரும் உன்னை ஒரு சொல் சொல்ல விடமாட்டேன், எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

பேராசிரியைக்கு எழுதிவிட்டு எனக்கும் எழுது. எனக்கு ஒரே வரி போதும். இந்த முறை நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை, குரலையும் ஏற்றி இறக்கவில்லை. படிப்பு ஒன்று. வேலை இரண்டு. எது தெளிவாக இருக்கிறது?

இப்படிக்கு,
மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுக்கக் கிளம்பிவிட்ட,
உன் அம்மா