சம்மதம் பெறப்பட்டதாம்

மருத்துவ இதழொன்று மதிப்பிட்டுத் தரும்படி அனுப்பிய கட்டுரையை மேசையில் திறந்தேன். முதற் படத்திலேயே உன் கால், மச்சான். கணுக்காலுக்கு மேலே முள்ளுக்கம்பி கிழித்த பழைய தழும்பு. அதற்குக் கீழே கடற்பாம்பின் பல் பட்ட இடம். எழுதியவர் பெயரை மறைத்திருந்தார்கள். உன் தழும்பை மறைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அடியில் ஒரு வரி: 'நோயாளியிடம் எழுத்தில் சம்மதம் பெறப்பட்டது.' ஓலைத்தொடுவாய்க் கடற்கரையில் ஆசைக்குக் கரைவலை இழுக்கப்போய்க் கடிபட்டவன் நீ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போதே நாக்குப் புரளவில்லை. பிறகு இமையைக்கூடத் தூக்க முடியவில்லை. சாகும்வரை பக்கத்தில் நின்றவன் நான். எந்த விரலால் கையெழுத்து வைத்தாய்?

நாம் இருவரும் டொக்டர்களாக வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி வாட்டில் திருக்கை மீன் குத்திய கையோடு ஒரு மீனவர் கிடந்தாரே, நினைவிருக்கிறதா? அவரைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை நல்ல இதழொன்று ஏற்றிருந்தது. பதவி உயர்வுக்கு உனக்குக் குறைந்திருந்ததும் அந்த ஒன்றுதான். அச்சாகும் நேரம் பார்த்து அவர் வந்தார்.

"டொக்டர், மகளுக்குக் கலியாணம் பேசுறம். என்ரை கைப்படம் வேண்டாம்."

அன்றைக்கே கட்டுரையைத் திருப்பி எடுத்துவிட்டாய்.

"விசரோடா உனக்கு? கையைப் பாத்து ஆரெண்டு தெரியுமே?" என்று கத்தினேன்.

"தெரிஞ்சாலென்ன, தெரியாட்டியென்ன? அது அவரின்ரை கை" என்று தேத்தண்ணியை உறிஞ்சினாய்.

இதழாசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். இறந்தவர் என் நண்பர், ஆகவே நான் மதிப்பிடக் கூடாது. ஆனால் அந்தச் சம்மதம் பொய் என்றேன். பதில் மிக மரியாதையாக வந்தது. படம் அரியதாம். மற்ற மதிப்பீட்டாளர் 'அருமை' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாராம். சம்மத வரியை மட்டும் நீக்கிவிடுவார்களாம். பொய்யை எடுத்துவிட்டால் களவு சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள், படித்த மனிதர்கள். காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. போன கிழமை அச்சிலும் வந்துவிட்டது.

மதிப்பிட அனுப்பிய பிரதி என் கணினியில் கிடந்தது. உன்னுடைய கடைசிப் படமென்று என்னிடம் இருந்தது அதுதான். வேலை முடிந்து வந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்துக்கொள்ள எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா?

வாட்டில் நோயாளியைப் படமெடுக்க யார் கைபேசியைத் தூக்கினாலும் நீ கேட்கிற "அவரிட்டைக் கேட்டனியோ?" காதுக்குள் நின்றது. கேட்பதற்கு நீ இல்லை.

அழித்துவிட்டேன், மச்சான்.