பாசேஜோடு சண்டை போட்டவளுக்கு

இன்று மதியம் டிஞ்சர் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு மூட மறந்துபோனேன். விரலைக் கிழித்துக்கொண்டு வந்த பெண்ணுக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டு, பாதியில் விட்ட ஆங்கிலத் தேர்வுப் பயிற்சிப் பாசேஜைக் கையில் எடுத்தேன். முதலுதவி அறை முழுக்க அந்த வாடை. ஒரு கேள்வி குழப்பியது. பழக்க தோஷத்தில், "இன்னாடி, இதுக்கு நீ இன்னா போட்ட?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். உன் நாற்காலியில் ஸ்டோரிலிருந்து வந்த பஞ்சுப் பெட்டிதான் இருந்தது. எனக்கு வந்த எரிச்சலை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

உனக்குப் பதிலாக இன்னும் யாரையும் போடவில்லை. ஏஜென்சிக்காரன் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்கிறான். நம் இருவரையும் நர்ஸ் வேலைக்கு ஒப்பந்தத்தில் எடுத்தபோதே தெரிந்துகொண்டோமே, இந்த ஒரகடம் தொழிற்சாலைக்குக் கார் கதவு செய்கிற இயந்திரங்கள்தான் சொந்தம், நாம் இல்லை என்று. நான்கு வருடம் படித்துவிட்டு இங்கே விரல் வெட்டுக்கும் தலைவலிக்கும் காவல் இருக்கிறோமே என்று நீதான் முதலில் புலம்பினாய். "உசுர காப்பாத்தப் படிச்சோம்ட்டி. இங்க என்னன்னா தலவலி மாத்திரைக்குக் கையெழுத்து வாங்கிட்டு கெடக்கோம்." அயர்லாந்துக்குப் போகலாம், இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில், நிஜமான வார்டில் வேலை பார்க்கலாம் என்பது உன் யோசனை. குன்றத்தூரில் எங்கள் வீட்டில் சம்மதம் வாங்கியதும் நீதான். கோவில்பட்டிப் பக்கத்துக்காரியான உன் பேச்சில் பாதி என் அம்மாவுக்குப் புரியவில்லை. புரியாமலேயே தலையாட்டிவிட்டாள்.

குறுக்கே நின்றது ஆங்கிலத் தேர்வு. பேச்சிலும் எழுத்திலும் எப்படியோ தேறிவிடுவோம். படித்துப் புரிந்துகொண்டு விடை சொல்லும் பகுதிதான் நம்மை வைத்துச் செய்தது. திமிங்கிலம் எப்படித் தூங்குகிறது, மனிதன் எதற்குக் கொட்டாவி விடுகிறான், நினைவு ஏன் மங்குகிறது என்று பக்கம் பக்கமாக அறிவியலும் மனோதத்துவமும். கீழே கேள்விகள். சொன்னது சரியா, தவறா, அல்லது பாசேஜில் அந்தப் பேச்சே இல்லையா? ஆன்லைனில் பாடம் எடுத்த சார் வகுப்புக்கு வகுப்பு ஒன்றையே ஓதினார். விடை பாசேஜில் மட்டும்தான் இருக்கிறது, உங்கள் சொந்த அறிவைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வாருங்கள் என்று. நீ மைக்கை அணைத்துவிட்டு, "செருப்ப விடலாம், அறிவ எங்கனட்டி கழட்டி வைக்க?" என்றாய்.

கழற்றி வைக்க உன்னால் கடைசிவரை முடியவில்லை. பாசேஜ் படிக்கும்போதும் நீ நர்ஸாகவே உட்கார்ந்திருப்பாய். உன் முன்னால் வரிகள் இருக்காது, ஆட்கள்தான் இருப்பார்கள்.

காலை உணவைப் பற்றி ஒன்று வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வேலைக்குப் போகும் இளைஞர்கள் காலையில் சாப்பிடாததற்குக் காரணம் நேரமின்மை அல்ல, வெறும் பழக்கம்தான் என்று எழுதியவர் சொல்லியிருந்தார். கேள்வியும் அதைத்தான் கேட்டது. நான் 'பழக்கம்' என்று குறித்தேன். நீ 'நேரமின்மை' என்று குறித்துவிட்டு, தப்பு என்று வந்ததும் மேசையைத் தட்டினாய். அந்த நேரம் பார்த்து அசெம்ப்ளி லைனில் மயங்கி விழுந்த ஒரு பெண்ணைத் தோழிகள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, அவளுக்கு முகம் தெளிந்ததும் கேட்டாய்.

"காலைல என்னம்மா சாப்ட்ட?"

"இன்னா சாப்புடறது சிஸ்டர்? மெஸ்ஸு தொறக்கறதுக்குள்ளயே பஸ்ஸு வந்து நிக்குது."

நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! உலகக் கோப்பையை வாங்கிவிட்டவள் மாதிரி.

"அவளா வந்து உன் பேப்பர திருத்தப் போறா?" என்றேன்.

"அவ திருத்துனா நான் பாஸு," என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. நேரம் ஓடிக்கொண்டிருக்கும். நீ ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டாய். உன்னோடு மல்லுக்கு நின்று முடிப்பதற்குள் மணி அடித்துவிடும், மீதிக் கேள்விகள் அப்படியே கிடக்கும். தேர்வுக் கட்டணம் கட்டி நிஜத் தேர்வு எழுதியபோதும் இருவருக்கும் அந்தப் பகுதி மட்டும் போனது. ஸ்ரீபெரும்புதூரில் உன் ஹாஸ்டல் மாடியில் துணி காயப்போடும் கயிற்றுக்கு அடியில் நின்று கத்தினேன். "பாசேஜ்ல இன்னா கீதோ அத்த எழுதினு போயேன்டி! ஊர் நியாயம்லாம் உனக்கு எதுக்கு?" நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். அப்புறம் மெதுவாக, "பொய்னு தெரிஞ்சிட்டு எப்படிட்டி சரின்னு டிக் அடிக்க?" என்றாய். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. இப்போது தெரிகிறது, ரொம்ப எளிதாக அடிக்கலாம்.

கூட்டத்தைப் பற்றிய பாசேஜைத்தான் சொல்கிறேன். ஒருவர் ஆபத்தில் இருக்கும்போது சுற்றி நிற்பவர்கள் அதிகமாக ஆக, உதவ முன்வருகிறவர்கள் குறைவார்கள், ஒவ்வொருவரும் அடுத்தவர் செய்வார் என்று நின்றுவிடுவார்கள் என்று அதில் எழுதியிருந்தது. நீ அதற்கு ஆடிய ஆட்டம் கொஞ்சமா? "எவன் இவன்? நம்ம லைன்ல ஒருத்தி விழுந்தா அம்புட்டு பேரும்லா தூக்கிட்டு ஓடியாராளுவ. வந்து பாத்தானா?"

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு, சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் இறங்கி, நேராக டியூட்டிக்கு வர ஷேர் ஆட்டோ பிடித்தாய். ட்ரெய்லர் லாரி உரசி ஆட்டோ கவிழ்ந்தது. பின்னால் வந்த நம் கம்பெனி பஸ் நின்றது. இறங்கியவர்களில் ஒருவர்கூட வேடிக்கை பார்க்கவில்லையாம். "நம்ம சிஸ்டர்டா, தூக்கு தூக்கு" என்று நம் பெயின்ட் ஷாப் பிரிவுப் பையன்கள் உன்னைப் பஸ்ஸில் படுக்க வைத்தார்கள். நீ எடுத்த முதலுதவி வகுப்பில் கற்றுக்கொண்டபடியே ஒரு பெண் தன் துப்பட்டாவை மடித்து உன் தலைக் காயத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாள். டிரைவர் அண்ணன் தன் ரூட்டை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். அத்தனை பேரும் ஷிஃப்டுக்குத் தாமதம், யாரும் முணுமுணுக்கவில்லை. நீ சொன்னதுதான் சரி. சரியாக இருந்து என்ன பிரயோஜனம், நீ பிழைக்கவில்லை.

போன வாரம் கைப்பேசியில் பயிற்சி செய்தபோது அதே பாசேஜ் மறுபடி வந்தது. கூட்டம் பெரிதானால் உதவி குறையும், சரியா தவறா? உன்னிடம் கதை விட மாட்டேன். சரி என்று டிக் அடித்தேன், பச்சை விளக்கு எரிந்தது, அடுத்த கேள்விக்குப் போனேன். முடித்த பிறகுதான் கைப்பேசியைச் சுவரில் வீசி அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. எழுதியவர்மேலா, உன்மேலா, அந்த ட்ரெய்லர்காரன்மேலா என்று தெரியவில்லை. கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது என் மதிப்பெண் ஏறிவிட்டது, தெரியுமா? தேவையானதற்கு மேலேயே வருகிறது, ஒவ்வொரு முறையும். நேரமும் மிச்சமாகிறது. தகராறு செய்ய ஆள் இல்லை, வரியைப் பார்க்கிறேன், விடையைப் பொறுக்குகிறேன், அவ்வளவுதான் வேலை. ஆனால் இன்று மதியம் எல்லாமே சரியாகப் போட்ட பாசேஜ் எதைப் பற்றியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எரிமலையோ, எறும்போ. நீ என்னோடு சேர்ந்து கோட்டைவிட்ட பாசேஜ்கள் மட்டும்தான் மனதில் நிற்கின்றன. திமிங்கிலம் பாதி மூளையோடு தூங்குவதும், "நம்ம நைட் ஷிஃப்டு சூப்பர்வைசரு முழு மூளையோடல்லா தூங்குதாரு" என்று நீ சொன்னதும் வரி பிசகாமல் இருக்கிறது. அயர்லாந்துக்கு நான் எடுத்துப்போகப் போகும் ஆங்கிலம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை தேர்வு. அம்மா இப்போதே குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டுவிட்டாள். வேண்டுதலே தேவையில்லை, தேறிவிடுவேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் இந்த முறையும் தேறியிருக்க மாட்டேன்.

இருந்து தொலைத்திருக்கலாம்டி நீ.