வெள்ளிக்கிழமை ஓடவேண்டிய இன்ஜின்

கிள்ளான்,
புதன்கிழமை

என் செல்ல மகள் விஷ்ணுப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மனசளவில் நான் நன்றாக இல்லை, அதை மறைத்து எழுத எனக்கு வராது. அங்கே பெர்த்தில் நீயும் உன் கப்பல் இன்ஜின் வேலையும் நலமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸப் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அதுவும் இல்லாமல், போனில் அனுப்ப முடியாத ஒன்று இதோடு வருகிறது, பொறுமையாகப் படி.

நம் பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிக்கிடக்கிறதே ஒரு டீசல் இன்ஜின், மூடிப்போன மரப்பட்டறை ஒன்றின் லெலோங் ஏலத்தில் அப்பா எடுத்து லோரியில் கொண்டுவந்து இறக்கியது, நீ பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பிருந்தே அது அங்கேதான் கிடக்கிறது, அதை இந்த வெள்ளிக்கிழமை ஓட்டப்போகிறாராம். போன மழையில் கோயிலுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, இறைக்க ஆள் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து இவருக்கு ஒரே நினைப்பு, இந்த இன்ஜினில் பம்பு மாட்டிக் கோயிலுக்குக் கொடுத்துவிடவேண்டும் என்று. நல்ல நினைப்புதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கோயில் தலைவர் ராதாகிருஷ்ணன் அங்கிளிடம் வாயைத் திறந்ததுதான் தாமதம், அவர் குருக்களிடம் போய் நாள் குறித்து வந்துவிட்டார். வெள்ளி காலை, ராகுகாலத்துக்கு முன்னால். மாலை, தேங்காய், கேசரி எல்லாம் சொல்லியாகிவிட்டது. இன்ஜினில் ஒரு ஸ்குரூகூடக் கழற்றிப் பார்க்கவில்லை, அதற்குள் நல்ல நேரம் வந்துவிட்டது. முகூர்த்தம் வைத்துவிட்டு மாப்பிள்ளை தேடுகிற கதை.

பிறகுதான் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார். டார்ச் பிடித்தது நான். நிமிர்ந்து நிற்கிற அந்தக் காற்றுக் குழாயை முதலில் இறக்கினார். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து அதன் வாயில் ஓர் எலுமிச்சம்பழம் வைப்பார், ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் பழம் இருக்காது. ‘அம்மன் எடுத்துக்கிட்டா லா’ என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். அத்தனை பழமும் உள்ளே கிடந்தது கண்ணு, கருகிக் கல்லாகி, நடுவில் ஓர் எலிக்கூட்டோடு. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இதையெல்லாம் அந்த இன்ஜின் உறிஞ்சியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எண்ணெயை வடித்தபோது தே தாரேக் போலப் பால் டீ நிறத்தில் வந்தது, தண்ணீர் கலந்திருக்கிறது என்றார். டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களைக் கழற்றி டீசல் ஊற்றிய பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு, இரும்புக் கம்பியால் கையாலேயே இன்ஜினைச் சுழற்றிப் பார்த்தார், அசையவில்லை. நாசில் இருந்த ஓட்டைகளில் எண்ணெய் விட்டு ஊறவைத்த பிறகு அசைந்தது, ஒரு ஓட்டையிலிருந்து துருத்தண்ணீர் சுவரில் போய் அடித்தது. இதுவரை எல்லாம் முறையாகத்தான் செய்தார், அந்தப் பொறுமை அவரிடம் உண்டு.

என் பயம் அந்த லீவரில் இருக்கிறது. டீசலை நிறுத்துகிற லீவர், அது இறுகிக்கொண்டால் ஓடுகிற இன்ஜினை நிறுத்த முடியாது, உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தட்டினால் வருகிறது, மறுநாள் காலையில் பழையபடி இறுகிக்கொள்கிறது. அவர் எழுந்திருக்கும் முன்னால் நானே போய்த் தள்ளிப் பார்க்கிறேன், தினமும் இதே கதைதான். சொன்னேன். ‘இன்ஜின் சூடானா தானா இளகிடும் லா, நீ சும்மா இரு’ என்றார். இன்ஜினின் டீசல் பம்பைத் திறந்து பார்க்கவேண்டும் என்று அவருக்கே தெரியும், திறந்தால் வெள்ளிக்கிழமை போய்விடும், ஊருக்கெல்லாம் சொன்ன சொல் போய்விடும். அதற்குப் பதிலாக ஒரு பலகையை அறுத்து என் கையில் கொடுத்திருக்கிறார். ‘ஓடி நிக்கலன்னா நான் கத்துவேன், நீ இதை வச்சுக் காத்துக் குழாயை அடைச்சிடு, காத்து இல்லாம நின்னுடும்’ என்கிறார், ஏதோ சாம்பார் பானையை மூடச் சொல்வதுபோல.

சாலாக் செலாத்தானில் இருக்கும் உன் சுகுமாறன் மாமாவின் வலது கண் எப்படிப் போனது என்று உனக்குச் சின்ன வயதில் சொல்லவில்லை, கீழே விழுந்ததாகச் சொல்லிவைத்தோம். டெங்கில் ஊர் மணல் குட்டையில் நெடுநாள் கிடந்த இன்ஜின் அது. ஓடத் தொடங்கியது, அணைத்த பிறகும் நிற்கவில்லை, அலறல் ஏறிக்கொண்டே போனதாம், எல்லாரும் ஓட, என் அண்ணன் மட்டும் காற்றுக் குழாயை மூடுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டு நின்றிருக்கிறார். வெடித்துவிட்டது. போன வாரம் அவரைப் பார்க்கப் போய் இதைச் சொன்னேன். ‘லீவர் ஒத்த விரலுக்கு வருதா?’ என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். வரவில்லை என்றதும் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, ‘அப்ப நீ பக்கத்துல நிக்காத தங்கச்சி’ என்றார். நான் நிற்காவிட்டால் உன் அப்பா அங்கே தனியாக நிற்பாரே. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, பயமாக இருக்கிறது மா.

அதனால்தான் நேற்று மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தபோது பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு நாசிலை எடுத்துவிட்டேன். சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, உன் பழைய பள்ளிக்கூடச் சட்டைத் துணியில் சுற்றி இந்தப் பொட்டலத்தில் முறுக்குக்கு அடியில் வைத்திருக்கிறேன். அது இல்லாமல் இன்ஜின் ஓடாது. இப்போது தார்ப்பாயை உதறி உதறித் தேடிக்கொண்டிருக்கிறார், எலி மேல் சந்தேகம். பட்டறையைக் கூட்டினாயா என்று என்னைக் கேட்டார், கூட்டினேன் என்றேன், அது பொய்யில்லை. அம்பாங்கில் பழைய சாமான் கடைக்குப் போன் போட்டார், அந்த மாடல் இப்போது வருவதில்லையாம். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ராதாகிருஷ்ணன் அங்கிளிடம் என்ன சொல்வது என்று வாசலுக்கும் பட்டறைக்கும் நடந்துகொண்டிருக்கிறார்.

நீ தீபாவளிக்கு வருகிறாய், பெருமழைக்கு அதற்குப் பிறகும் நாள் இருக்கிறது. வரும்போது நாசிலை உன் கையாலேயே கொண்டு வா. என் பேச்சைக் கேட்காதவர் நீ சொன்னால் கேட்பார், அவரோடு உட்கார்ந்து அந்த டீசல் பம்பைத் திற. நல்ல நேரம் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு. வேலையிடத்தில் தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொள், வேளைக்குச் சாப்பிடு, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. அம்மன் உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் கைக்கு ஒரு கீறலும் வராமல் காக்கட்டும். இது வந்து சேர்ந்ததும் போன் பண்ணி, முறுக்கு கிடைத்தது என்று மட்டும் சொல், மற்றதை நான் புரிந்துகொள்வேன், அப்பா பக்கத்தில்தான் இருப்பார். அந்த லீவர் என் ஒற்றை விரலுக்கு வந்துவிடட்டும், அன்றைக்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நானே நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
லோகேஸ்வரி தம்புசாமி