படி திரும்பும் இடம்

அடியே,

இன்று காலை ஹடப்சர் மனையில் சுண்ணாம்புத் தூள் மூட்டையைப் பிரித்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உன் நினைப்புதான். கைநிறைய அள்ளி, கோலப்பொடி மாதிரி விரலிடுக்கில் விட்டுக்கொண்டே நடப்பாய். தாளில் மயிரிழை பிசகாத உன் கோடு, தரையில் மட்டும் கோணிக்கொண்டு போகும். சொன்னால் கோபம் வேறு வரும்.

நீ போய் இது இரண்டாவது மழைக்காலம். ஆபீஸ் பெயர்ப்பலகையில் இன்னும் நம் இருவர் பெயரும்தான் இருக்கிறது.

வரைந்த வீட்டை அப்படியே முழு அளவில் தரையில் சுண்ணாம்பால் போட்டு, குடிவரப்போகிறவர்களை உள்ளே நடக்கவிடாமல் வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்பது நாம் வைத்துக்கொண்ட வழக்கம். கூடப் படித்தவர்கள் எல்லாம் நம்மை ‘ரங்கோலி ஆபீஸ்’ என்று கிண்டல் செய்தார்கள். நீ அதையே பெருமையாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய்.

போபோடி வேலை ஞாபகம் இருக்கிறதா? நீ பிறந்து வளர்ந்த சந்துக்கு அடுத்த சந்து. குடிசைகளையும் தகரக்கூரை வீடுகளையும் எடுத்துவிட்டு, அங்கேயே மாடிக் கட்டடம் ஒன்றில் எல்லோருக்கும் இலவசமாக வீடு. மிச்ச இடத்தில் பில்டர் விற்பதற்கு ஓர் உயரமான கட்டடம். நம் கையில் அப்போது இருந்த ஒரே பெரிய வேலை. ஞாயிற்றுக்கிழமை சந்து ஜனம் மொத்தமும் வந்து, சுண்ணாம்புக் கோட்டுக்குள் இது என் சமையலறை, அது உன் குளியலறை என்று கூச்சலும் சிரிப்புமாகத் திரிந்துகொண்டிருந்தது. நீ மட்டும் கோடாகப் போட்ட படிக்கட்டில், படி திரும்பும் இடத்தில் நின்றுவிட்டாய்.

“ஏண்டி, மேல யாருக்காவது முடியாம போச்சுன்னா ஸ்ட்ரெச்சரு இங்க எப்பிடி திரும்பும்?”

“அதான் லிஃப்ட் இருக்கே. விதிப்படி அகலமும் சரியாத்தான்டி இருக்கு.”

“லிஃப்ட்டு இன்னா, ஆயுசுக்கும் ஓடுமா? பந்த் ஆச்சுன்னா எவன் வந்து பாப்பான்? நீ பாட்டுக்கு பாணேருக்குப் போயிடுவ. இவங்க இங்கதான இருக்கணும்.”

சுருக்கென்றது. பாணேரில் வசதியாகக் குடியிருப்பது ஒரு குற்றமா என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். சண்டையில் நமக்கு எப்போதுதான் குறைச்சல்!

படியை அகலமாக்கினால் தன் கட்டடத்துக்கு இடம் குறையும் என்று பில்டர் சேட் ஒரே பிடியாக நின்றார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டார். நான் வழக்கம்போல நடுவில் புகுந்து, இனிக்க இனிக்கப் பேசிப் பார்த்தேன். நீயோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து, “பஸா, சேட்” என்று மராத்தியில் உபசாரமாக உட்காரச் சொன்னாய். அவரும் பாவம், டீ வரப்போகிறது என்று உட்கார்ந்தார். நீ கண் காட்டியதும் சந்து ஆட்கள் நாலு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கிவிட்டார்கள்.

“கோட்டை மிதிக்காம திருப்புங்க, பாக்கலாம்!”

கபடி நடுவர் மாதிரி நீ கத்தினாய். திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தது. சேட் முன்னால் போனவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் கால் கோட்டைத் தாண்டிவிட்டது. சந்தே விழுந்து விழுந்து சிரித்தது. வேலை போச்சு என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அவர் இறங்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அந்தத் திருப்பத்தையே பார்த்தார். அப்புறம் கடுகடுவென்று, “கித்னா சாஹியே?” என்றார். எவ்வளவு வேண்டும் என்று அவர் கேட்டதே போதும் என்று எனக்கு இருந்தது. நீ அதிலும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னாய்.

கட்டடம் எழுந்து நின்றதைப் பார்க்க நீ இல்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை. யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

போன மாதம் அங்கே போயிருந்தேன். மேல் மாடியில் ஒரு மருமகளுக்கு, கொட்டுகிற மழையில் வலி எடுத்திருக்கிறது. கரண்ட் இல்லை, லிஃப்ட் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரில் கீழே கொண்டுவந்திருக்கிறார்கள். மாமியார் அதை விலாவாரியாகச் சொன்னார்: மழை, டிராஃபிக், டாக்டர் கத்தியது, மகன் செருப்பில்லாமல் ஓடியது, பேத்தி பிறந்தது. படிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொல்ல அங்கே ஒன்றும் நடக்கவில்லை. இறங்கினார்கள், திரும்பினார்கள், போனார்கள். குழந்தையை என் மடியில் கொடுத்ததும் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

இன்று ஹடப்சரிலும் அதே கதை. வேறு பில்டர், இடம் மிச்சம் பிடிக்க அவர் போடச் சொன்ன அதே குறுகல் படி. படி மாறாமல் கையெழுத்து இல்லை என்று சொல்ல நீ இருந்தாய், சமாதானம் பேச நான் இருந்தேன். இப்போது இரண்டுக்கும் நான்தான். பில்டரிடம் மேனேஜராக இருக்கும் பையன் வருவதற்குள் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்ததும் எல்லாம் மறந்து, “இந்தப் படி மாறாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்” என்று மட்டும் சொன்னேன்.

அவன் ஆச்சரியப்படவே இல்லை. “தெரியும் மேடம். படிக்கட்டு விஷயத்துல அந்த ஆபீஸ்ல யாரும் எறங்கிவர மாட்டாங்க, வாதாடி டைம் வேஸ்ட் பண்ணாதேன்னு எங்க சேட் சொல்லித்தான் அனுப்பினார். மாத்தின டிராயிங் எப்ப கிடைக்கும்?” என்றான்.

அது உன் பிடிவாதம் என்று நான் அவனிடம் சொல்லவில்லை. எனக்கே இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.